மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு பெயர்

மார்ச் 4

ஆய்வகக் குறிப்பேட்டில் யாரையும் திட்டக் கூடாது என்று ஆய்வகத் தலைவர் மேடம் சொல்லிவிட்டார். "இந்த நுண்ணோக்கியை வாங்கிப் போட்ட புண்ணியவான் என் கையில் கிடைக்கட்டும்" என்று நான் போன மாதம் எழுதியதைத் தணிக்கைக்கு வந்தவர்கள் படித்துவிட்டார்களாம். அதனால் திட்டுவதற்கென்றே இந்த நோட்டை வாங்கினேன். வாங்கிய அன்றைக்கே திட்ட ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

தொம்மை அண்ணாச்சி எங்கள் முக்குளிப்புக் குழுவின் தலைவர். முன்பு சங்கு குளித்தவர், இப்போது முதுகில் காற்று உருளையோடு இறங்குகிறார். வயது அறுபத்தொன்று. மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம், மகன் குவைத்தில். இன்று கழுகுப்பாறைக்கு அடியில் உள்ள குகைக்குள் போய், கூரையிலிருந்து உள்ளங்கை அளவு கல்லைப் பெயர்த்து வந்து என் மேசையில் வைத்தார்.

"இந்தா லுமி, மட்டி."

கல்லை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். ஐந்து உருப்படிகள். ஒவ்வொன்றும் மூன்று மில்லிமீட்டர், பாசிப்பயறு மாதிரி. மட்டி இல்லை.

மார்ச் 5

காலை முழுக்க அண்ணாச்சிக்கு வகுப்பு எடுத்தேன். மட்டிக்கு ஓடு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இதற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழ் ஓட்டின் நுனியில் ஒரு துளை, அதன் வழியாக ஒரு காம்பு வந்து பாறையைப் பிடித்துக்கொள்ளும். மட்டிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பெயர் பிரேக்கியோபாடு. பார்க்க அகல்விளக்கு மாதிரி இருப்பதால் விளக்குச் சிப்பி என்றும் சொல்லலாம். இவற்றின் சொந்தக்காரர்கள் ஒரு காலத்தில் கடல் பூராவும் இருந்தார்கள். இன்று பெரும்பாலோர் புதைபடிவக் கல்லாகக் கிடக்கிறார்கள், மிச்சப் பேர் ஆழத்திலும் இந்த மாதிரி இருட்டுக் குகைகளிலும் ஒண்டிக் கிடக்கிறார்கள்.

எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "சரி, இந்த மட்டி புதுசா பழசா?" என்றார்.

புதுசாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் இங்கே எழுதலாம். பன்னிரண்டு வருடமாக நான் ஊரார் வைத்த பெயர்களைச் சரிபார்த்துக் கொடுப்பவள். சொந்தமாக ஒரு பிராணிக்குப் பெயர் வைத்ததில்லை. ஒன்றே ஒன்று வைத்துவிட்டால் போதும்.

"புதுசுன்னா உங்க பேர்தான் வைப்பேன். கண்டெடுத்தவங்க பேர வைக்கது எங்க வழக்கம்" என்றேன்.

"எம் பேரு வேண்டாம். வேற ஒரு பேரு சொல்லலாமா?"

"சொல்லுங்க."

அவர் காது சிவந்துவிட்டது. "மொதல்ல புதுசுன்னு உறுதியாவட்டும். பெறவு சொல்லுதேன்" என்று போய்விட்டார். இறந்துபோன மனைவியின் பெயராக இருக்கும். பாவம், நல்ல மனுசர்.

மார்ச் 19

அண்ணாச்சி எங்கள் வீட்டுக்குச் சீலா மீன் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். தன் கட்டுமரத்துக்கு அதிகமாகக் கிடைத்தது என்றாராம். அண்ணாச்சிக்குக் கட்டுமரம் கிடையாது. அம்மாவிடம் கேட்டேன். "கொடுக்கறத வாங்கிக்கணும்ட்டி, குறுக்கு விசாரணை பண்ணக் கூடாது" என்றாள். குழம்பு பிரமாதம்.

ஏப்ரல் 2

வெளியே ஓட்டைப் பார்த்து இந்த ஜாதியை இனம் பிரிக்க முடியாது. உள்ளே சுண்ணாம்பில் ஒரு வளையம் இருக்கும், அதன் மேல்தான் உணவு வடிகட்டும் இறகு உட்கார்ந்திருக்கும். வளையத்தின் வடிவம்தான் ஆதார் அட்டை. அதைப் பார்க்க வேண்டுமானால் சதையை வெளுப்புத் திரவத்தில் கரைத்து எடுக்க வேண்டும்.

ஒன்றைத்தான் கரைப்பதாக இருந்தேன். சதை போனதும் அந்த வளையம் வெள்ளை வெளேரென்று வெளியே வந்தது பார், மூக்குத்தியில் பாதி கூட இருக்காது. நடுவில் ஒரே ஒரு வளைவு, அவ்வளவு எளிமை. இந்தக் கடலில் இப்படி ஒன்றை யாரும் வரைந்து வைக்கவில்லை. சந்தேகத்துக்கு இன்னொன்று. பிறகு படமெடுக்க ஒன்று. பிறகு, சும்மா, ஆசைக்கு ஒன்று.

நான்கிலும் அதே வளையம். புதுசு! புதுசு! புதுசு!

ஐந்தாவதை மேடம் பிடுங்கிச் சாராயக் குப்பியில் போட்டு அலமாரியில் பூட்டிவிட்டார். "உன்னை நம்பினா இதையும் கரைச்சிருவ" என்றார். கோபம் வந்தது. இன்றைக்கு யார்மேலும் கோபப்பட நேரமில்லை.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

பூசை முடிந்து வந்தால் வாசலில் அண்ணாச்சி, இஸ்திரி போட்ட சட்டையோடு. பண்டிகை நாளில் தனியாகச் சாப்பிடுவார் என்று அம்மாதான் கூப்பிட்டிருக்கிறாள். அம்மா மயில்பச்சைப் புடவை கட்டியிருந்தாள். நான் பார்த்ததே இல்லை. "இந்த வயசுல மயில்பச்சை எதுக்கும்மா?" என்று கேட்டேன். அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு. அம்மா எனக்கு மட்டும் கறியில் எலும்பாகப் போட்டாள்.

அண்ணாச்சி, "கலர் நல்லாத்தான இருக்கு" என்று தட்டைப் பார்த்துச் சொன்னார். வெங்காயப் பச்சடியைச் சொல்கிறார் என்று நினைத்து, "ஆமா, பீட்ரூட் போட்டிருக்கு" என்றேன். இரண்டு பேருக்கும் அப்படி என்ன சிரிப்போ தெரியவில்லை.

மே 6

கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பும் முன், இந்தப் பிராணிகளில் ஊறிப்போன ஹென்ட்ரிக் என்ற டச்சுக்காரருக்குப் படங்களை அனுப்பினேன். இத்துறையில் அவர் சரி என்றால் சரி. பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். அண்ணாச்சி இன்னும் வாயைத் திறக்கவில்லை.

மே 24

ஹென்ட்ரிக் பதில் போட்டிருக்கிறார். படங்கள் அழகாம். ஆனால் இது குழந்தையாம்.

குழந்தையாம்! இந்தக் கடலில் ஏற்கெனவே தெரிந்த இனம் ஒன்று இருக்கிறது, பெரியது. அதற்குக் குழந்தையாக இருக்கும்போது வளையம் இதே மாதிரிதான் ஒற்றை வளைவாக இருக்கும், வளர வளரக் கிளை விடும். "தாங்கள் பார்த்தது அதன் குழந்தைப் பருவமாக இருக்கலாம். இத்துறையில் எல்லோரும் ஒருமுறை சறுக்கும் இடம். முழு வளர்ச்சி பெற்றது என்று காட்ட முடியுமானால் மகிழ்வேன்." மகிழ்வாராம்.

அவரைத் திட்டி ஒரு பக்கம் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன், ஏனென்றால் அவர் சொல்வது நியாயம். வளர்ந்தது என்று காட்ட ஒரே வழி, உள்ளே முட்டையோ குஞ்சோ இருக்க வேண்டும். அவை இருப்பது சதையில். சதையை நான் கரைத்துவிட்டேன். நான்கு உருப்படிகளின் சதை, கழிவுநீர்த் தொட்டியில், என் கையால்.

மிச்சம் இருப்பது அலமாரியில் இருக்கும் ஒன்று. அதைத் திறந்தால் உடையலாம். உடையாமல் திறந்து உள்ளே ஒன்றும் இல்லை என்றால் கதை முடிந்தது. வெறும் குழந்தை, பழைய பெயர், நானும் பழையபடி சரிபார்க்கிற லுமினா.

மூக்கைச் சிந்தி முடித்ததும் அம்மா மோர் கொண்டுவந்தாள். "மூணு மில்லிமீட்டருக்கா இவ்ளோ அழுகை?" என்று கேட்டுவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மே 26

அண்ணாச்சி வீட்டுக்கே வந்துவிட்டார். "ஒரு முங்கு முங்கி இன்னும் பத்து எடுத்துட்டு வாரேன். இதுக்குப் போயி அழுவாவளா?"

நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டாள். "கச்சான் காத்து இந்தா இந்தப் போடு போடுது. குகைக்குள்ள தண்ணி இழுத்து அடிக்கும். அறுவத்தோரு வயசுல அங்க என்ன சிலம்பமா ஆடப் போறீங்க? செப்டம்பர் வரைக்கும் ஒரு காலு தண்ணியில படக் கூடாது, சொல்லிட்டேன்."

அதட்டல் என்றால் அதட்டல். எங்கள் மேடம் சொன்னால்கூட எதிர்த்துப் பேசுகிற மனுசர், "சரிங்க" என்று கையைக் கட்டிக்கொண்டார். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள், அம்மாவின் குரலுக்கு அப்படி ஒரு அதிகாரம்.

ஜூன் 9

திறக்கவில்லை. குப்பியை எடுக்கிறேன், பார்க்கிறேன், வைக்கிறேன். பயமாக இருக்கிறது, அதுதான் உண்மை. திறக்காத வரைக்கும் அது புது இனம்.

ஜூன் 17

இன்றும் இல்லை. நுண்ணோக்கியைத் துடைத்தேன்.

ஜூன் 28

அம்மா தினமும் "தொறந்தாச்சா?" என்று கேட்கிறாள். அண்ணாச்சி ஆய்வகத்தில் "தொறந்தாச்சா?" என்று கேட்கிறார். அம்மா மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். நான் முனைவர் பட்டம் வாங்கியபோதுகூட இவ்வளவு அக்கறை காட்டியதில்லை. அன்றைக்கு "இதுக்கு சம்பளம் கூடுமா?" என்று மட்டும்தான் கேட்டாள்.

சாயங்காலம் அம்மா மாடிப்படியில் உட்கார்ந்து கைபேசியில் வெகுநேரம் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். யாரும்மா என்றால் ராங் நம்பராம். பழக்க தோஷம். தப்பாக அழைத்தவனிடம்கூட அரை மணி நேரம் மரியாதையாகப் பேசுகிற பிறவி.

ஜூலை 26

பனிமய மாதா கோயிலில் கொடியேற்றம். கூட்டத்தில் அம்மாவைத் தவறவிட்டேன். தேடிப்போனால் பனங்கற்கண்டுப் பால் கடையில் அண்ணாச்சியோடு நிற்கிறாள். எனக்கும் ஒரு தம்ளர் தயாராக இருந்தது. மூன்று பேரும் குடித்தோம்.

"ஏம்மா லுமி," என்றார் அண்ணாச்சி, "அது கொழந்தையாவே இருந்துட்டுப் போவட்டும். நீ தொறந்து பாத்துரு. தெரியாமலே இருக்கது அதவிடக் கஷ்டம்லா? எனக்கே தாங்கல."

இவருக்கு ஏன் தாங்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் சொன்னது சரி. செவ்வாய்க்கிழமை திறக்கிறேன்.

ஜூலை 29, செவ்வாய்

வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் மேடம் அலமாரிச் சாவியைக் கொடுத்துவிட்டு, "நான் பக்கத்துல நிக்க மாட்டேன், எனக்கு பிரஷர்" என்று போய்விட்டார். குப்பியிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தேன். பூச்சி ஊசியின் முனையை இரண்டு ஓடுகளுக்கும் நடுவில் விட்டு, மூச்சை நிறுத்தி, நெம்பினேன். டிக் என்று ஒரு சத்தம். உடைந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்து பார்த்தால் உடையவில்லை. மேல் ஓடு அழகாகத் தனியே கிடந்தது. வளையம் முழுசாக இருந்தது. வளையத்துக்கு இரண்டு பக்கமும், ஓட்டின் உட்புறத்தில், குட்டிக் குட்டியாக இரண்டு குழிவுகள். நான் கரைத்த நான்கிலும் அவை காலியாக இருந்தன, ஏதோ பள்ளம் என்று விட்டுவிட்டேன். இதில் காலியாக இல்லை. ரவை மாதிரி, வெளிர் மஞ்சளாக, ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு குஞ்சுகள்!

குழந்தைக்கு எப்படிக் குஞ்சு இருக்கும்? இது வளர்ந்தது. இவ்வளவுதான் இதன் முழு வளர்ச்சி. இதற்குமேல் வளர வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. புதுசு, ஹென்ட்ரிக் ஐயா, புதுசு!

மேடத்தைக் கட்டிப்பிடித்தேன். அவர் பிரஷரை மறந்து என்னைத் தூக்கிச் சுற்றினார். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன். அம்மாவிடம் முதலில் சொல்ல வேண்டும்.

கதவு திறந்தே இருந்தது. சமையலறையில் அண்ணாச்சி முக்காலியில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நல்லதாய்ப் போயிற்று, இரண்டு பேரும் ஒரே இடத்தில்.

"குஞ்சு இருக்கு! வளந்ததுதான்! புது இனம்!"

"மாதாவே!" என்று அம்மா துருவியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"அண்ணாச்சி, இப்பச் சொல்லுங்க. என்ன பேரு வைக்க?"

அண்ணாச்சி இறாலைக் கீழே வைத்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பூசைக்கு நிற்கிற மாதிரி நின்றார்.

"இமெல்டா" என்றார்.

"அது எங்க அம்மா பேருல்லா? அத எதுக்கு நீங்க..."

குக்கர் விசில் அடித்தது. அம்மா கழுத்து வரைக்கும் சிவந்துபோய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீலா மீன், மயில்பச்சை, ராங் நம்பர், பால் கடை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் மண்டையில் வந்து விழுந்தன.

"எத்தன நாளா?"

"ஈஸ்டர்லருந்து" என்றாள் அம்மா.

"அதுக்கு முன்னாலருந்து" என்றார் அண்ணாச்சி.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ அந்தச் சிப்பியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்த. இதையும் சேத்துக் கரைச்சிருவியோன்னு பயம்ட்டி" என்றாள் அம்மா.

"எனக்கு எடுத்துச் சொல்ல வராதும்மா" என்றார் அண்ணாச்சி. "பேர வச்சிட்டா நீயே புரிஞ்சுக்குவன்னு இருந்தேன். அது கொழந்தைன்னு ஆயிருந்தா நான் வாயவே தொறந்திருக்க முடியாது."

நான் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

ஜூலை 30

நேற்று மாடியில் உட்கார்ந்து அழுதேன். அப்பா போய் எட்டு வருடம். அப்பா இருந்த இடத்தில் இன்னொருவர் இறால் உரிப்பதை ஏற்க முடியவில்லை. அது ஒரு பக்கம். என் கண்ணெதிரே நடந்தது எனக்குத் தெரியவில்லை என்கிற வெட்கம் இன்னொரு பக்கம். நான் ஓட்டில் உள்ள புள்ளியைக்கூட விடாமல் எண்ணுகிறவள்.

கீழே வந்தபோது அண்ணாச்சி போய்விட்டிருந்தார். இறால் தொக்கு மூடி வைத்திருந்தது. அம்மா அப்பா படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். "இவர்ட்ட மொதல்லயே சொல்லிட்டேன். நீதான் பாக்கி" என்றாள்.

"இந்த வயசுல..." என்று ஆரம்பித்தேன். ஹென்ட்ரிக்கின் கடிதம் நினைவுக்கு வந்தது. வளையத்தைப் பார்த்து வயசைத் தப்பாகச் சொன்ன மனுசர். வயசைப் பார்த்து நான் என்ன சொல்ல வந்தேன்? நிறுத்திக்கொண்டேன். அம்மாவைக் கட்டிக்கொண்டேன். சந்தோஷமாக இருக்கிறாள், அது அவள் முதுகிலேயே தெரிகிறது. எனக்கும் அது தொற்றிக்கொண்டது.

பிறகு பசித்தது. இரண்டு பேரும் தொக்கைக் காலி பண்ணினோம்.

ஆகஸ்ட் 5

மாதா திருவிழா. மூன்று பேரும் சேர்ந்தே போனோம். ஊரே பார்த்தது. பார்க்கட்டும்.

அம்மாவுக்கு ஒரு குறை. "எம் பேர வைக்க ஒரு சுறா கெடைக்கலியா? பயறு அளவு மட்டிக்குத்தானா?"

"மட்டி இல்ல!" என்று நானும் அண்ணாச்சியும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

எனக்கும் ஒரு சிக்கல். இவரை இனி எப்படிக் கூப்பிடுவது? அப்பா என்று வாய் வராது. அண்ணாச்சி என்றே கூப்பிட்டால் அம்மா எனக்கு மதினி ஆகிவிடுவாள். வகைப்பாடு பிறகு திருத்தப்படும் என்று இப்போதைக்கு விட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 10

குஞ்சுகளின் படத்தைப் பார்த்துவிட்டு ஹென்ட்ரிக் எழுதியிருக்கிறார்: "நான் தவறினேன். இவ்வளவு மகிழ்ச்சியாக நான் தவறி நாளாயிற்று." அவரைப் பற்றி இந்த நோட்டில் எழுதியதையெல்லாம் வாபஸ் வாங்குகிறேன். அதிகாரபூர்வமாக.

ஆகஸ்ட் 21

புது இனத்தை அறிவிக்கும் கட்டுரையில் பெயர்க் காரணம் என்று ஒரு பத்தி உண்டு. இன்னாருடைய பெயர், இன்னார் இவர் என்று ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். ஆய்வாளரின் தாயார் என்று எழுதினால் அது பாதி உண்மை. சாயங்காலம் எழுதி முடித்து, அனுப்பிவிட்டு, இரண்டு பேரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன்.

"இவ்வினத்தை முதலில் கண்டெடுத்த தொம்மை வாஸின் வேண்டுகோளின்படி, அவருடைய மனைவி இமெல்டாவின் பெயர் இதற்கு இடப்படுகிறது."

அம்மா பதறிவிட்டாள். "மனைவியா? இன்னும் ஆவலியேட்டி!"

"அக்டோபர்ல அச்சாவும். ஒரு தடவ அச்சாயிட்டா யாராலயும் மாத்த முடியாது, எங்க சட்டம் அப்படி. மொதக் கட்டுரையிலயே பொய் எழுதுனவன்னு எனக்குப் பேர் வாங்கிக் குடுத்துறாதீங்க. அதுக்குள்ள உண்மையாக்கிருங்க."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், இரண்டும்தான். அண்ணாச்சி எழுந்து செருப்பைத் தேடினார்.

"எங்க போறீங்க?"

"சாமியார் இப்பக் கோயில்லதான் இருப்பாரு" என்றார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டே போனார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னார் மகன் தொம்மை, இன்னார் மகள் இமெல்டா, இவர்கள் கல்யாணத்துக்கு யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று கேட்டார் சாமியார். இன்னும் இரண்டு ஞாயிறு இதேபோல் கேட்பார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. ஹென்ட்ரிக் நல்லவேளையாக ஹாலந்தில் இருக்கிறார்.